இடக்கை அரம்

காலையில் மரம் அறுக்கும் மெசினின் சங்கிலி கூராக இருந்தது. பஸ்ரியன் அதைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தது அதனால்தான்.

மழுங்கி இருந்திருந்தால் ஒரு குழப்பமும் இல்லை. முதல்நாள் பின்னேரம் கீரிக் கடற்கரையில் விழுந்துகிடந்த பனையைத் துண்டு போடும்போது வாளின் நுனி மணலுக்குள் போய், சங்கிலியின் முப்பத்தாறு பல்லும் செத்துப்போயிருந்தன. கடைசிக் குற்றியை மெசின் அறுக்கவில்லை, தேய்த்தது. மரம் புகைந்ததுதான் மிச்சம். அலுப்பில், நாளைக்கு அராவலாம் என்று கொட்டிலுக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் படுத்தவன் அவன். இப்போது ஒரு பல்லில் விரலை வைத்துப் பார்த்தான். வைத்த இடத்தில் தோல் பிரிந்தது. வலி வருவதற்கு முதலே இரத்தம் வந்துவிட்டது.

கொட்டிலுக்குள் எப்போதும்போல எரிந்த எண்ணெயும் பெற்றோலும் பழைய வலையும் கலந்த மணம் அடித்தது. ஓலை இடுக்கால் வந்த வெயில் கீற்றுக் கீற்றாக மண் தரையில் விழுந்திருந்தது. அந்தக் கீற்றுகளில் ஒன்று மட்டும் மினுங்கியது. குனிந்தான். இரும்புத்தூள். மாவைவிட மெல்லிசாக, சாம்பல் நிறத்தில், யாரோ வாயால் ஊதிவிட்டதுபோல ஒரு பக்கமாக விசிறிக் கிடந்தது. அரம் தன் ஆணியில் ஒழுங்காகத் தொங்கியது. தொட்டுப் பார்த்தான்.

சூடாக இருந்தது.

“நீ கொட்டிலுக்கு வந்தனியோ?” என்று குசினிப் பக்கம் பார்த்துக் கேட்டான்.

“எனக்கு வேறை வேலை இல்லையோ?” என்றாள் அவன் மனைவி செலீனா. “உங்கட சாமானுக்கு நான் அரம் போடுறதெண்டால், நீங்கள் வந்து இந்த ஒட்டி மீனைத் துப்புரவாக்குங்கோ. தேத்தண்ணி ஆறுது.”

மெசின் பஸ்ரியனுக்குச் சொந்தம். பாதி. யுத்தம் முடிந்த கையோடு ஒரு தொண்டு நிறுவனம் மன்னாருக்கு வந்து, மரம் வெட்டத் தெரிந்தவர்களைக் கூட்டி, மூன்று நாள் பயிற்சி கொடுத்து, ஆளுக்கொரு தலைக்கவசம், ஆளுக்கொரு செம்மஞ்சள் சட்டை, ஆளுக்கொரு சான்றிதழ், இரண்டு ஆளுக்கு ஒரு சங்கிலி வாள் என்று பிரித்துக் கொடுத்தது. எந்தப் பாதி யாருக்கு என்று படிவத்தில் ஓர் இடம் விட்டிருக்கவில்லை. பஸ்ரியனும் லோறன்ஸும் தாங்களாகவே பங்கு போட்டார்கள்: வெட்டுவது பஸ்ரியன், பராமரிப்பது லோறன்ஸ். பஸ்ரியனின் தலைக்கவசத்தில் கோழி அடைகிடந்தது. லோறன்ஸ் தன்னுடையதைத் துடைத்து வைத்திருந்தான். அப்படியான ஆள். சங்கிலியைத் தொடைக்கு மேல் போட்டு, இடது கையால் அரத்தைப் பிடித்து, மூன்று இழுவை இழுப்பான், ஒருதரம் ஊதுவான். மூன்று இழுவை, ஓர் ஊதல். முப்பத்தாறு பல்லுக்கும் இதே பூசை.

லோறன்ஸ் செத்து இரண்டரை மாதம்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த மறுநாள் அவன் மனைவி அன்ரோனெற் பஸ்ரியனின் படலையில் வந்து நின்றாள். புருசனின் செம்மஞ்சள் சட்டையைப் போட்டிருந்தாள். அது முழங்கால் வரைக்கும் தொங்கியது.

“பாதி மெசின் என்ர எல்லோ அண்ணை. கயிறு பிடிக்க ஆள் வேணும்தானே, நான் வாறன்.”

“மரவேலை பொம்பிளையளுக்குச் சரிவராது, அன்ரோனெற்.”

“அவருக்கு மட்டும் சரிவந்ததோ?” என்றாள்.

அன்றிலிருந்து அவள்தான் கயிறு.

சங்கிலி கூராகிக் கிடந்த அன்றும் இரண்டு பேரும் அதோடு கீரிக்குத் திரும்பப் போனார்கள். மெசின் முதல் இழுவையிலேயே பற்றியது. பனையின் கறுப்பு வைரத்துக்குள் பாணுக்குள் கத்தி போவதுபோலப் போனது. மூன்றாம் குற்றி விழுந்தபோது அன்ரோனெற் அதைப் புரட்டிவிட்டுக் கூப்பிட்டாள்.

“அண்ணை, இஞ்ச பாருங்கோ. வெட்டு வளைஞ்சு கிடக்கு.”

குற்றியின் முகம் தட்டையாக இருக்கவில்லை. வாள் நேராக இறங்கத் தொடங்கி, பாதிவழியில் மனம்மாறி இடப்பக்கம் திரும்பியிருந்தது. பஸ்ரியன் நின்று வெட்டும்போது அவனுடைய இடது கால் இருக்கும் பக்கம். அடுத்த குற்றியும் அப்படி. அதற்கடுத்தது இன்னும் கூட.

“அவர் அராவினால்தான் இப்பிடி இழுக்கும்,” என்றாள் அன்ரோனெற், குற்றியைத் தடவிக்கொண்டு. பிறகு ஒவ்வொரு நாளும் கேட்பதைக் கேட்டாள். “அண்ணை, அவர் கடைசியா ஏதும் சொன்னவரோ?”

“ஒண்டுமில்லை. விழுந்த உடன முடிஞ்சுது.”

“உடனயோ?”

“உடன.”

பொலிசுக்கும் அதைத்தான் சொன்னான். மரண விசாரணைக்கு வந்த ஐயாவுக்கும், சுவாமியாருக்கும் அதைத்தான் சொன்னான். எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். எழுதிய பிறகு அது உண்மை மாதிரி இருந்தது. இந்தப் பெண் மட்டும்தான் எழுதிக்கொள்ளாமல் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள். பஸ்ரியனுக்கு உலகத்தில் ஒரேயொரு விசயம்தான் வேண்டியிருந்தது: அந்தப் பதினொரு நிமிடம் இவளுக்குத் தெரியக்கூடாது.

அது நடந்தது விடத்தல்தீவில், ஒரு புளியமரத்தடியில். மன்னார்க் கரையில் மரம் வெட்டுகிறவன் மெசினைத் தொடமுதல் காந்தம் போடவேண்டும். முப்பது வருடச் சண்டையில் மரங்கள் வாங்கிய செல் துண்டுகளும் சன்னங்களும் பட்டை மூடி உள்ளே கிடக்கும். வெளியில் ஒரு தழும்புகூட இராது; வாள் போய்த் தொட்டால் சங்கிலி அறுந்து முகத்துக்கு வரும். அதனால் லோறன்ஸ் ஒரு பழைய வானொலிப் பெட்டியின் காந்தத்தைக் கழற்றி, நைலோன் கயிற்றில் கட்டி, ஒரு சட்டம் போட்டிருந்தான்: காந்தம் இழுக்காத இடத்தில் மட்டும் வெட்டு. அன்றைக்குப் புளி சரிந்து, ஒரு கொப்பில் மிண்டி நின்று, அடிமரம் உருண்டு லோறன்ஸின் தொடைகளுக்கு மேல் ஏறி உட்கார்ந்தது. எலும்பு உடைந்த சத்தம் காய்ந்த கொப்பு உடைந்த சத்தம் போலவே இருந்தது. இடுப்புக்குக் கீழே மணல் கறுத்துக்கொண்டு வந்தது.

“வெட்டடா மச்சான்,” என்றான் லோறன்ஸ்.

பஸ்ரியனின் கை காந்தத்தை எடுத்தது. கோயில் வாசலில் கை தானாகத் தீர்த்தத்தைத் தொடுமே, அப்படி. முதல் இடத்தில் காந்தம் ஒட்டியது. ஒரு சாண் தள்ளி வைத்தான். ஒட்டியது. இன்னொரு சாண். அந்தப் புளி ஒரு முகாமையே விழுங்கியிருந்தது. கீழே லோறன்ஸ் கத்தினான், கெட்டவார்த்தை பேசினான், மாதாவைக் கூப்பிட்டான், “காந்தத்தை விடடா, வெட்டடா” என்றான், பிறகு கைகளால் மணலைத் தோண்டினான். பஸ்ரியன் ஒட்டாத இடத்தைத் தேடிக்கொண்டே இருந்தான். சங்கிலி புதிது. முந்திய கிழமைதான் ஒன்று இரும்பில் பட்டு நாசமாகியிருந்தது. தலைக்குள் அந்தப் பழைய சங்கிலியும் இந்தப் புதிய சங்கிலியும் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. துப்புரவான ஓரிடம் அகப்பட்டு, மெசினைப் பற்றவைத்து, வெட்டி முடித்தபோது லோறன்ஸ் கட்டளை போடுவதை நிறுத்தியிருந்தான்.

சங்கிலியில் ஒரு கீறல்கூட இல்லை.

மன்னார் பஸ் நிலையத்துக்குப் பின்னால் படகு எஞ்சின் திருத்தும் காமில் நானாதான் மரம் வெட்டும் மெசின்களுக்கும் வைத்தியர். பஸ்ரியன் கொடுத்த சங்கிலியை வெயிலில் பிடித்து ஒவ்வொரு பல்லாகப் பார்த்தார்.

“ஆர் அராவினது?”

“நான்தான் நானா.”

“நோன்பும் நாளுமா என்னட்டப் பொய் சொல்லாத. உன்ர அராவல் எனக்குத் தெரியாதா? எலி கறிச்ச மாதிரி இருக்கும். இது வேலை தெரிஞ்சவன்ர கை. இடக்கை. பார், இந்தப் பக்கப் பல்லெல்லாம் மற்றப் பக்கத்தைவிட ஒரு நூல் கட்டை. அதுதான் வெட்டு இழுக்குது. மன்னாரில இடக்கையால இப்பிடி அராவுறவன் ஒருத்தன்தான், நம்மட—”

நிறுத்திக்கொண்டார். சங்கிலியை மேசையில் வைத்தார். பிறகு கையைப் பழந்துணியில் துடைத்தார், தேவைக்கு அதிகமான நேரம்.

“சங்கிலியை மாத்து,” என்றார். “காசு பிறகு தா. இப்ப இதைக் கொண்டு போ.”

புதிய சங்கிலி போட்டான். மறுநாள் காலையில் அதுவும் அராவிக் கிடந்தது. ஒரு பக்கம் ஒரு நூல் கட்டை. வாளின் அலகை மாற்றினான். பல்சக்கரத்தை மாற்றினான். கிளச்சை மாற்றினான். அரத்தைக் கொண்டுபோய் இறங்குதுறையிலிருந்து கடலுக்குள் எறிந்தான்; அடுத்தநாளும் சங்கிலி கூராக இருந்தது, இந்தமுறை எதனால் என்று தெரியவில்லை. கிழமைக் கடைசியில் காமில் நானா சொன்னார்: “இனி மாத்தாம இருக்கிறது மூடியில ஒட்டின ஸ்ரிக்கர் ஒண்டுதான். மெசினையே விட்டிட்டு வேறை எடு.”

சனிக்கிழமை பழையதைக் காமில் நானாவிடமே விட்டுவிட்டு வேறு எடுத்தான். பெட்டி பிரிக்காத புதிய மெசின். பெட்டியைப் பிரிக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோய், அலுமாரிக்குள், செலீனாவின் கலியாணக் கூறைக்கு மேல் வைத்துப் பூட்டி, திறப்பைத் தன் கழுத்து உத்தரியத்தோடு கோத்துக்கொண்டான்.

“மற்ற ஆம்பிளையள் அலுமாரிக்குள்ள போத்தல் ஒளிப்பினம்,” என்றாள் செலீனா. “எனக்கு வாய்ச்சது இது.”

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை. கோயில் நிறைந்திருந்தது; வெக்கையில் மெழுகுதிரிகள் வளைந்தன; மேலே மின்விசிறி ஒன்று கிறீச்சிட்டது; பஸ்ரியன் ஆண்கள் பக்கம் தூணோரமாக முழங்காலில் நின்றான். நடுப்பூசை. மணி அடித்து ஓய்ந்து, சனம் முழுவதும் தலைகுனிந்து மூச்சடக்கிய அந்த அமைதிக்குள், அவனுக்குப் பின்னால், மிக நெருக்கமாக, இரும்பில் இரும்பு இழுபடும் சத்தம் கேட்டது.

ஒன்று. இரண்டு. மூன்று.

பிறகு ஓர் ஊதல். அவனுடைய பிடரி மயிர் அசைந்தது.

திரும்பவில்லை. கழுத்து அசையவில்லை. பக்கத்தில் நின்றவர்கள் யாரும் தலை நிமிரவில்லை. ஒன்று. இரண்டு. மூன்று. ஊதல். முப்பத்தாறு முறை எண்ணினான். பெண்கள் பக்கம் ஒருத்தி மட்டும் தலையை மெல்லச் சரித்துக் காதுகொடுத்துக் கொண்டிருந்தாள், படலையில் புருசனின் சைக்கிள் மணி கேட்டவள்போல. அன்ரோனெற்.

வீட்டுக்கு வந்து அலுமாரியைத் திறந்தான். பூட்டு பூட்டியபடி. பெட்டியில் ஒட்டிய நாடா ஒட்டியபடி. நாடாவைக் கிழித்து மெசினை எடுத்தான். பெற்றோல் காணாத, மரம் காணாத அந்த மெசினின் சங்கிலியில் ஒரு பக்கப் பல் முழுவதும் பாதிக்குமேல் தேய்ந்திருந்தது. கீழே கூறைச்சேலை சாம்பல் நிறமாகக் கிடந்தது.

“ஐயோ, என்ர கூறை!” என்று செலீனா அலறினாள். அந்த அலறலாவது சாதாரண அலறலாக இருந்தது.

அந்தக் கிழமையோடு தொழிலை விட்டுவிடலாம் என்று தீர்மானித்தான். ஆனால் எருக்கலம்பிட்டியில் தாவூது காக்காவின் வேலைக்கு ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்தது. தாவூது குடும்பம் யுத்தத்தில் இடம்பெயர்ந்து, புத்தளத்தில் இருபத்திமூன்று வருடம் இருந்துவிட்டு ஊர் திரும்பியபோது, அவர்களுடைய பழைய குசினிக்குள் ஒரு வேம்பு குடியிருந்தது. அடுப்படியில் முளைத்து, கூரையைத் தூக்கி எறிந்து, ஆள் கட்டிப்பிடிக்க முடியாத பருமனாகி, யார் கேட்டும் எழும்பாமல் நின்றது. தாவூது முன்னறையில் தகரம் போட்டுக்கொண்டு இருந்தார்.

“அது ஒண்டு மட்டும் செய்து குடுப்பம் அண்ணை,” என்றாள் அன்ரோனெற். “பிறகு விடுறதெண்டால் விடுங்கோ.”

அலுமாரிக்குள் இருந்த அந்த மெசினைத்தான் கொண்டுபோனான். வேறு மெசின் இல்லை. கடையில் வாங்கிய புதிய சங்கிலியை அங்கே போய்த்தான் மாட்டினான், இராத்திரி தங்க அதற்கு வாய்ப்பே கொடுக்காமல். இடது காலுக்குக் கணுக்காலிலிருந்து தொடைவரை லொறி ரயர்த் துண்டுகளைக் கட்டிக்கொண்டான். தாவூதின் மனைவி சரீபா பார்த்துவிட்டு, “மகன், காலில என்ன வருத்தம்?” என்று கேட்டாள். “வாதம், உம்மா,” என்றான். பக்கத்து வளவில் மேய்ந்துகொண்டிருந்த மூன்று கழுதைகள் மெசின் பெட்டியைத் திறந்ததும் தலையைத் தூக்கின. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக, அவசரமில்லாமல், தெருவால் வெளியேறிப் போயின.

பத்து மணிக்கே வெயில் வெள்ளையாகிவிட்டது. கடல் காற்று விழுந்துபோயிருந்தது. பின்சுவர் இடிந்த பக்கமாக, திறந்த வளவுக்குள் மரத்தைச் சாய்ப்பதுதான் திட்டம். அன்ரோனெற் கொப்பில் கயிறு போட்டு, தூரத்தில் வலப்பக்கமாக நின்ற கிணற்றுத் தூணில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து, நிழலில் குந்தினாள். பஸ்ரியனும் குந்தினான். இப்போது சொல்லாவிட்டால் இனி இல்லை என்று அவனுக்குப் பட்டது. அவள்தான் தொடங்கினாள்.

“அவரைக் கழுவினது நான்தான் அண்ணை. பத்து நகத்துக்குள்ளயும் மண். ரெண்டு நகம் பிஞ்சு கிடந்தது.” தன் நகங்களைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “உடன செத்த ஆள் எப்பிடி மண் கிண்டுறது?”

பஸ்ரியன் சொன்னான். எல்லாவற்றையும். புளி, காந்தம், ஒவ்வொரு சாணாக, பதினொரு நிமிடம், அவன் பேசிய கெட்டவார்த்தைகளைக்கூட விடாமல். சொல்லச் சொல்லத் தன்னுடைய குரல் வேறெங்கோ இருந்து வருவதுபோல இருந்தது. முடித்துவிட்டு அடிக்கு ஆயத்தமாகக் கண்ணை மூடிக்கொண்டான்.

அடி விழவில்லை.

“தெரியும்,” என்றாள் அன்ரோனெற். எழும்பி, சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். “அவருக்கு உங்களோட கோவமில்லை அண்ணை. அந்தக் காலில கட்டினதைக் கழட்டுங்கோ, தடுக்கி விழப்போறியள்.”

கிணற்றடிக்கு நடந்து போய்க் கயிற்றை எடுத்தாள்.

பஸ்ரியனுக்கு அழுகை வந்தது. லோறன்ஸ் செத்ததற்குப் பிறகு முதல்தடவையாக மூச்சு அடிவயிறுவரை இறங்கியது. ரயர்த் துண்டுகளைக் கழற்றி எறிந்தான். காதுக்கு அடைப்பான்களைப் போட்டான். காந்தம் போட்டுப் பார்த்தான்; வேம்புக்குள் ஒன்றும் இல்லை, சமாதானத்தில் வளர்ந்த மரம்போல. மெசின் பற்றியது.

மரம் விழவேண்டிய முன்பக்கம் ஆப்பு வடிவில் வாய் வெட்டினான். பிறகு பின்னால் போய் வெட்டத் தொடங்கினான். மரத்தைச் சாய்க்கிறவன் முழுவதையும் அறுத்துவிடக்கூடாது. வாய்க்கும் பின்வெட்டுக்கும் நடுவில் மூன்று விரல் மரம் மிஞ்சவேண்டும். அந்த மூன்று விரல்தான் மரத்தைக் கையில் பிடித்து, விழவேண்டிய பக்கம் கூட்டிப்போகும். ஒரு பக்கம் அது அறுந்தால் மரம் மற்றப் பக்கம் சுழன்றுவிடும். மெசின் இனிமையாகப் போனது. வேப்பங்கசப்பு தொண்டையில் இறங்கியது. தூள் அவன் காலடியில் குவிந்தது. எல்லாம் சரி. எல்லாம் நேர்.

பிறகு வாள் இழுத்தது.

இடப்பக்கம். மெல்ல. ஒரு குழந்தை விரலைப் பிடித்து இழுப்பதுபோல. அவன் தன் இடது காலைப் பின்னுக்கு வைத்தான். எதிர்ப்பக்கம் சாய்ந்து தள்ளினான். கண் முழுவதும் காலில் இருந்தது. கால் தப்பிவிட்டது என்று நினைத்தபோதுதான் விளங்கியது, வாளுக்குக் கால் தேவையில்லை. அது உள்ளுக்குள் வளைந்து போய் அந்த மூன்று விரல் மரத்தை ஒரு பக்கமாகத் தின்றுகொண்டிருந்தது.

நிமிர்ந்தான். கயிறு மணலில் கிடந்தது.

அன்ரோனெற் கிணற்றடியில் இல்லை. மரத்தை நோக்கி நடந்து வந்துகொண்டிருந்தாள். அவசரமில்லாமல். மரத்தைப் பார்க்கவில்லை, பஸ்ரியனையும் பார்க்கவில்லை. பக்கத்தில் கூட நடக்கும் ஒருவரின் கதையைக் கேட்பதுபோல முகத்தைச் சரித்து, இலேசாகச் சிரித்துக்கொண்டு. ஓர் இடத்தில் நின்றாள். இரண்டடி தள்ளி நின்றாள், யாரோ இடம் காட்டியதுபோல. சரியாக நின்றாள்.

“அன்ரோனெற்! ஓடுங்கோ!”

வேம்பு வெடித்தது. சுழன்றது. வானம் பச்சையாக விழுந்தது.

தூசி அடங்கியபோது அடிமரம் அவளுடைய இடுப்புக்குக் குறுக்கே கிடந்தது. அவள் மல்லாந்து கிடந்தாள். கண் திறந்திருந்தது. வாயின் ஓரத்தால் இரத்தம் ஒரு நூலாக இறங்கியது.

“வெட்டுங்கோ அண்ணை,” என்றாள்.

இந்தமுறை பஸ்ரியன் எதையும் தேடவில்லை. ஒரு நொடியும் நிற்கவில்லை. கொப்புகளுக்கு மேலால் பாய்ந்து, அவளுடைய உடம்பிலிருந்து ஒரு முழுக் கையளவு தள்ளி, மரத்தில் வாளை வைத்து அழுத்தினான். வெட்டு நேராக இறங்கியது. வெள்ளைத் தூள். நல்லது. இன்னும் கொஞ்சம். சிவந்த தூள், வைரம். நல்லது. மாதாவே, இன்னும் கொஞ்சம்.

இழுத்தது.

விசையை விட்டான். மெசின் ஓய்ந்து வரவில்லை. வாளை வெளியே இழுத்தான். மரம் அதைப் பிடித்திருந்தது. நிறுத்தும் பொத்தானை அமுக்கினான். அமுக்கினான். அமுக்கினான். மெசின் ஓடியது. தூரமாகப் பிடித்துத் தள்ளினான், முழங்காலை ஊன்றித் தள்ளினான், கைப்பிடி அவனுடைய உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு மறுபக்கம் போனது. கையை எடுத்தான்.

இரண்டு கையையும் எடுத்தான்.

பின்னால் போனான். ஓரடி. ஈரடி. கைகளை மேலே தூக்கியபடி.

மெசின் ஓடியது. ஆள் இல்லாமல். மரத்துக்குள் தலையைக் குத்தியபடி, உடம்பு மெல்லத் திரும்பத் திரும்ப, வேலை தெரிந்தவனின் பிடியில் இருப்பதுபோலப் பதறாமல். வெட்டு எங்கே போகிறது என்று வெளியிலிருந்து தெரியாது. தூளின் நிறம் சொல்லும். சிவப்பு, வைரம். பிறகு வெள்ளை. பிறகு கறுப்பு, மறுபக்கத்துப் பட்டை. பிறகு செம்மஞ்சள்.

சட்டை.

பஸ்ரியன் கத்தினான். காதடைப்பானுக்குள் அவனுக்கே கேட்கவில்லை. அடுத்த நிறம் தூளாக வரவில்லை. அவனுடைய முகத்தில் சூடாக அடித்தது. கண்ணில். திறந்த வாய்க்குள். இடிந்த குசினிச் சுவரில் உயரம்வரை விசிறியது. எலும்பில் ஏறும்போது மெசினின் குரல் மாறியது. ஒருதரம். பிறகு இன்னொருதரம்.

அவள் கத்தவில்லை. அவளுடைய உடம்பு மட்டும் மெசினோடு சேர்ந்து அதிர்ந்தது.

அவளுடைய வலது கை மேலே எழுந்திருந்தது. பக்கத்தில் குந்தியிருக்கும் ஒருவரின் கையைப் பிடிக்கும் உயரத்துக்கு. விரல்கள் எதையோ சுற்றி மடங்கியிருந்தன. விரல்களுக்குப் பின்னால், புறங்கைச் சதையில், நாலு இடம் குழிந்து வெளுத்திருந்தது. யாரோ இறுக்கிப் பிடித்திருந்தார்கள்.

“ஓம்,” என்றாள், அந்தப் பக்கம் பார்த்து. உதடு அசைந்ததில்தான் அவனுக்குத் தெரிந்தது. “இந்தா வாறன்.”

மரம் இரண்டாகப் பிரிந்தது. மெசின் நின்றது.

சரீபா தேத்தண்ணித் தட்டோடு வீட்டு மூலையால் திரும்பி வந்தாள். தட்டு விழுந்தது. தாவூது காக்கா ஓடிவந்து, பார்த்து, சுவரைப் பிடித்துக்கொண்டு சத்தி எடுத்தார். அன்ரோனெற்றின் கண்கள் நிலைகுத்திவிட்டன. வாய்க்குள் ஈ ஒன்று போய் வந்தது. இடுப்புக்குக் கீழே இருந்தவை மரத்தின் மற்றத் துண்டோடு தனியாகக் கிடந்தன. வெயில் அசையவில்லை. பஸ்ரியன் தூக்கிய கைகளை இன்னும் இறக்காமல் அவளுடைய வலது கையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அவள் செத்துவிட்டாள். அந்தக் கை விழவில்லை. மணலுக்கு ஒரு முழம் மேலே, வெறுங்காற்றில், அது மெல்ல ஆடியது. பிறகு, யாரோ எழும்பி நிற்பதுபோல, இன்னும் கொஞ்சம் உயர்ந்தது.